பழைய செயின்சாவுக்குப் பெயிண்ட்: பெட்ரோல் பட்டால் ஊறுகிறது, பார் பக்கம் வெள்ளைக் கொப்புளம்

அரைகுறை_ஸ்பேனர்

1970களின் மாடல் மெஷின், 60 சிசி வாக்கில். செயின் பிரேக் (மெஷின் துள்ளினால் செயினை நிறுத்தும் தடை) கிடையாது, பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனைகளால் ஸ்பார்க் தரும் பழைய முறை). கிராங்க்கேஸ், டேங்க், ஸ்டார்ட்டர் கவர் மூன்றும் மக்னீசியம் வார்ப்பு என்று மேனுவல் சொல்கிறது. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, 220 உப்புத்தாள் தேய்த்து, சாதாரண ஸ்ப்ரே பிரைமர் இரண்டு கோட், ஸ்ப்ரே எனாமல் மூன்று கோட் அடித்திருக்கிறேன். பத்து நாள் காயவும் விட்டாயிற்று. இப்போது மூன்று தொல்லை.

டேங்க் மூடியைச் சுற்றிப் பெட்ரோல் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் சுருங்கி, விரலில் ஒட்டுகிறது. பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) மாட்டும் பக்கம், ஸ்டட் போல்ட்டுகளைச் சுற்றி, கடுகளவு கொப்புளங்கள். குத்திப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொடி. மூன்றாவது, பெயிண்டுக்கு முன்னால் நன்றாக வந்த ஸ்பார்க் இப்போது சுத்தமாக இல்லை.

முழுக்க உரித்துவிட்டு மறுபடி தொடங்கத் தயார். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சுட்டு உருக்கும் பூச்சு) கொடுத்துவிட்டால் இதெல்லாம் தீருமா? கிளட்ச் இன்னும் கழலவில்லை, அதற்கும் வழி சொன்னால் நல்லது.

மரை_மன்னன்

ஸ்பார்க்குக்கு மட்டும் முதலில் பதில். இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் சுருள்) உட்காரும் இரண்டு குமிழ்களின், அதாவது வார்ப்பில் புடைத்திருக்கும் மேடுகளின், தலையில் பெயிண்ட் அடித்திருப்பீர்கள். காயிலுக்கு எர்த் அதன் இரும்புத் தகடு வழியாகத்தான் உடலுக்குப் போகிறது. நடுவில் பெயிண்ட் படலம் வந்தால் சுற்று முடியாது. குமிழ்த் தலையையும் திருகுத் துளையையும் பளிச்சென்று உலோகம் தெரியத் தேயுங்கள். கண்டென்சரையும் பாயிண்ட் பிளேட்டையும் பிடிக்கும் திருகுகளின் அடியையும் பாருங்கள். ஸ்டாப் சுவிட்ச் ஒயர் எங்காவது நசுங்கி உடலைத் தொட்டாலும் இதே கதைதான். அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை கயிற்றை இழுத்துப் பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் இடைவெளி 0.3 மி.மீ. கெட்டியான விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் செருகி, காந்தம் காயிலை இழுத்துக்கொள்ள விட்டு, அப்படியே திருகை இறுக்கிவிட்டுக் கார்டை உருவுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.4. பாயிண்ட் முகத்தில் பெயிண்ட் தூசியோ எண்ணெய்ப் பசையோ இருந்தாலும் ஸ்பார்க் வராது. வெள்ளைக் காகிதத் துண்டை நடுவில் வைத்து இழுங்கள், காகிதம் அழுக்காகாமல் வரும்வரை.

இரண்டு_ஸ்ட்ரோக்

மற்ற இரண்டு தொல்லைக்கும் வேர் வேறு வேறு. மேலே பெட்ரோல், கீழே மக்னீசியம். இரண்டையும் ஒரே டப்பாவால் தீர்க்கப் பார்த்தால் திரும்பவும் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

கொப்புளத்திலிருந்து வருகிறேன். 1949ல் வந்த மெக்கல்லக் 3-25ன் எடை 25 பவுண்டு, பெயரிலேயே அந்த எண் இருக்கிறது. 1963ல் வந்த ஹோம்லைட் எக்ஸ்எல்-12, பாரும் செயினும் இல்லாமல் 12 பவுண்டு. எடை இப்படி இறங்கியதில் மக்னீசியம் வார்ப்புக்குப் பெரிய பங்கு. அலுமினியத்தில் மூன்றில் இரண்டு பங்கு எடைதான் அது. ஆனால் நாம் கையாளும் உலோகங்களிலேயே சட்டென்று அரிக்கப்படுவதும் அதுதான். இரும்பு அதைத் தொட்டுக்கொண்டிருக்க, இடையில் ஈரமும் இருந்தால், இரும்பைக் காப்பாற்றிவிட்டு மக்னீசியம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். உங்கள் கொப்புளம் ஸ்டட் போல்ட்டைச் சுற்றி மட்டும் வருவது அதனால்தான். அங்கேதான் ஈர மரத்தூளும் எண்ணெயும் அடைந்து கிடக்கும். சாதாரண ஒற்றை டப்பா பிரைமர் படலம் ஈரத்தை முழுதாகத் தடுக்காது. ஈரம் உள்ளே போகிறது, வெள்ளைப் பொடி உண்டாகிறது, பொடி பெருகிப் பெயிண்டைத் தூக்குகிறது.

உரிப்பதற்கு முன் ஒவ்வொரு பாகமும் எந்த உலோகம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேனுவலை மட்டும் நம்ப வேண்டாம், நடுவில் யாராவது வேறு மாடலின் கவரை மாட்டியிருக்கலாம். கண்ணுக்குப் படாத மூலையில் கொஞ்சம் சுரண்டி, ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்தால் மக்னீசியம். சும்மா கிடந்தால் அலுமினியம். பார்த்ததும் கழுவித் துடைத்துவிடுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், இரண்டும் நேர் எதிர். அமிலம் மக்னீசியத்தைத் தின்னும். காரம் மக்னீசியத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் அலுமினியத்தைக் கரைத்துவிடும். ஆக, மக்னீசியம் பாகத்தில் பழைய பெயிண்டையும் கரியையும் எடுக்கக் காஸ்டிக் சோடாவே போதும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். சோடாவைத் தண்ணீரில் போடுங்கள், சோடாமேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாகத்தில் அலுமினியம் புஷ், துத்தநாக வார்ப்புத் துண்டு, ஆயில் பம்ப் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சிலிண்டரையும் கார்புரேட்டரையும் இந்தத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கடையில் விற்கும் பெயிண்ட் ரிமூவரை வாங்கினால் டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள். இப்போது வருகிற சிலவற்றில் ஃபார்மிக் அமிலம் சேர்க்கிறார்கள். அது பெயிண்டோடு வார்ப்பையும் சேர்த்து உரிக்கும்.

கழுவியதும் வெந்நீரில் அலசி, ஹாட் ஏர் கன் வைத்துத் துளைகளுக்குள்ளும் ஈரமில்லாமல் காயவையுங்கள். கொப்புளம் வந்த குழிகளைப் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் பிரஷ் கொண்டு வெள்ளைப் பொடி துளியும் இல்லாமல் குடைந்து எடுக்க வேண்டும். ஒரு குழியில் கொஞ்சம் பொடி மிச்சமிருந்தால் மேலே என்ன பெயிண்ட் அடித்தாலும் அங்கேதான் முதலில் தூக்கும். சாதாரண இரும்பு பிரஷ் வேண்டாம். அதன் துகள் வார்ப்பில் புதைந்து புதிய அரிப்பைத் தொடங்கிவைக்கும். மணல் வீசுவதானால் கண்ணாடி மணி மட்டும். இரும்பு குண்டு போட்டுப் பழகிய கேபினெட் என்றால் வேண்டவே வேண்டாம்.

மக்னீசியத் தூள் தீப்பிடிக்கும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, இன்னும் சீறும். உலர்ந்த மணலை மூடிப் போட வேண்டும். கையால் தேய்க்கும் அளவுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரும்பு அரைக்கும் கிரைண்டர் பக்கத்திலேயே இந்தத் தூளையும் சேரவிடாதீர்கள். ஈரத் தூளை மூடிய டப்பாவில் வைத்தால் ஹைட்ரஜன் சேரும், அதனால் அதையும் செய்யாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயமும், அடிப் பிரைமரில் குரோமேட்டும் இருக்க வாய்ப்புண்டு. முகமூடி போடாமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துச் சில பேக்கிங்குகளில் கல்நார் இருந்தது. ஒட்டிக்கொண்டிருக்கும் பேக்கிங்கை எண்ணெய் விட்டு நனைத்துப் பிளேடால் சுரண்டுங்கள்.

தேய்த்து முடித்த அன்றே பிரைமர். இரவு முழுக்க வெறுமனே கிடக்கவிட்டால் காலையில் மேலே மங்கலான படலம் பிடித்திருக்கும், மறுபடி தேய்க்க வேண்டும். பிரைமர் டூ-கே (இரண்டு பாகம் கலந்து இறுகும்) எபாக்சி: மெல்லிசாக இரண்டு கோட், நடுவில் 15 நிமிடம். எட்ச் பிரைமர் (அமிலம் கலந்த பிரைமர்) அடித்து அதன்மேல் எபாக்சி என்று சிலர் செய்வார்கள். எட்ச்சில் மிஞ்சும் அமிலம் எபாக்சி இறுகுவதைக் கெடுக்கும் என்று பல பெயிண்ட் கம்பெனிகளின் விவரத் தாளிலேயே இருக்கிறது. ஏதாவது ஒன்று போதும். மக்னீசியத்துக்கு எபாக்சியே என் தேர்வு. ஆழமான குழிக்கு அலுமினியம் பொடி கலந்த எபாக்சி பட்டி. எபாக்சி பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன்மேல் பட்டி.

பவுடர்_பிரியன்

இவ்வளவு சிரமம் எதற்கு? பவுடர் கோட்டிங் கொடுத்துவிட்டால் பெட்ரோலும் ஒன்றும் செய்யாது, கல் பட்டாலும் உதிராது. கைப்பிடிக் குழாய், ஸ்பைக் தகடு, செயின் பக்கக் கவர் மூன்றுக்கும் அதுதான் சரி.

இரண்டு_ஸ்ட்ரோக்

கைப்பிடிக்கும் ஸ்பைக்குக்கும் ஒப்புக்கொள்கிறேன். கிராங்க்கேஸுக்கு இல்லை. பழைய வார்ப்பு கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது, ஐம்பது வருஷ எண்ணெய் அதற்குள் ஊறிக்கிடக்கிறது. 180–200 டிகிரியில் சுடும்போது எண்ணெயும் காற்றும் வெளியே வந்து, உருகிய பவுடரில் ஊசித்துளைகளாக நின்றுவிடும். பவுடர் போடுவதற்கு முன்பே, சுடும் சூட்டைவிட 15–20 டிகிரி அதிகம் வைத்து ஒருமுறை வெறும் வார்ப்பைச் சுட்டு எடுத்தால் பெருமளவு குறையும். ஆனால் அதற்குப் பேரிங், ஆயில் சீல், ரப்பர், பட்டி எல்லாம் வெளியே வந்திருக்க வேண்டும். இன்னொன்று, பவுடர் படலம் 60 முதல் 100 மைக்ரான்வரை வரும். இரண்டு பாதி சேரும் விளிம்பு, பேரிங் குழி, திருகுத் துளை எல்லாவற்றையும் சூடு தாங்கும் டேப்பாலும் சிலிக்கான் அடைப்பாலும் நுணுக்கமாக மறைத்துக் கொடுக்காவிட்டால் திரும்பப் பூட்டும்போது அழுவீர்கள். கோட்டிங் போடும் ஆள் உங்களுக்காக மறைப்பார் என்று எண்ணிவிடாதீர்கள்.

கோட்_மேல_கோட்

பெட்ரோல் விஷயத்துக்கு வருவோம். ஒற்றை டப்பா எனாமல் ஹார்ட்னர் (பெயிண்டை இறுக்கும் திரவம்) இல்லாமல் தானாகக் காய்கிற சரக்கு. அதன் படலத்தைப் பெட்ரோல் ஊறவைத்துவிடும். பத்து நாள் என்ன, இரண்டு மாதம் காயவிட்டாலும் டேங்க் மூடியைச் சுற்றி மெத்துப்போகும். 'இன்ஜின் எனாமல்' என்று எழுதியிருப்பது கொஞ்சம் தேவலை, 90 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் இன்னும் தேவலை. ஆனாலும் செயின்சாவில் டேங்க் மூடி கசியாத நாள் ஏது?

வழி, ஹார்ட்னர் சேர்கிற டூ-கே பாலியூரிதேன். கம்ப்ரசர் இல்லையென்றால் டூ-கே ஸ்ப்ரே டப்பாவே கிடைக்கிறது. அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் உள்ளே ஹார்ட்னர் உடைந்து கலக்கும். இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். கலந்தபின் ஒன்றிரண்டு நாளில் உள்ளேயே இறுகிவிடும் (எத்தனை மணி நேரம் என்று டப்பாவிலேயே இருக்கும்). அதனால் எல்லாப் பாகங்களையும் தயார் செய்து வரிசையாகத் தொங்கவிட்ட பிறகே பொத்தானை அழுத்துங்கள். கலர் பேஸ் கோட்டாகவும் மேலே டூ-கே கிளியராகவும் (நிறமற்ற மேற்பூச்சு) போட்டாலும் சரிதான். அப்போது பெட்ரோலைத் தாங்குவது கிளியர், கலர் இல்லை. விளிம்புகளில் கிளியர் மெல்லிசாகப் போய்விடக் கூடாது.

இதில் விளையாடக் கூடாத இடம் ஒன்று. ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. வாசனை வைத்து உங்கள் முகமூடி வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு திணறும். வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடி இல்லையென்றால், டூ-கே அடிப்பவரிடம் பாகங்களைக் கொடுத்து அடித்து வாங்குங்கள். கலர் மட்டும் நீங்களே அடித்து, கிளியரை வெளியே கொடுப்பதும் நடைமுறைதான்.

எபாக்சி காய்ந்ததும் 400 உப்புத்தாள் ஈரத் தேய்ப்பு, அப்புறம் கலர் மூன்று மெல்லிய கோட். முதல் கோட் வெறும் தூவல் மாதிரி, அடி தெரிந்தால் பரவாயில்லை. டப்பா 20–25 செ.மீ தூரத்தில் இருக்கட்டும், பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். விரலில் ஒட்டாமல் காய ஒரு நாள், பெட்ரோலைத் தாங்க ஏறக்குறைய ஒரு வாரம். சந்தேகம் இருந்தால் அதே நாளில் ஒரு தகரத் துண்டுக்கும் அடித்துவையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பெட்ரோல் நனைத்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு, நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகத்தடம் விழுந்தால் டேங்கைப் பூட்டாதீர்கள்.

கலர் பொருத்தம்: வெளியே தெரியும் பெயிண்ட் வெயிலில் வெளுத்தது, அதை நம்பாதீர்கள். ஸ்டார்ட்டர் கவரின் உள்புறம், ஏர் ஃபில்டர் மூடிக்கு அடியில், ஸ்டிக்கர் உரித்த இடம், இவற்றில் ஒன்றைக் காம்பவுண்டு போட்டுத் துடைத்து அதைக் காட்டிக் கலர் கலக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கர்களை உரிப்பதற்கு முன் பக்கத்தில் ஸ்கேல் வைத்து 600 டிபிஐ ஸ்கேன். ஸ்கேல் இல்லாத போட்டோவிலிருந்து அளவு எடுப்பது வீண் வேலை. புது ஸ்டிக்கரைக் கலருக்கு மேலே, கிளியருக்குக் கீழே போட்டால்தான் பெட்ரோல் விளிம்பைத் தூக்காது. கிளியரின் முதல் கோட் அதன்மேல் தூவலாகத்தான் விழ வேண்டும். ஈரமாக விழுந்தால் அச்சு மை கலங்கிவிடும்.

அரைகுறை_ஸ்பேனர்

அனைவருக்கும் நன்றி. காயில் குமிழைத் தேய்த்ததும் ஸ்பார்க் வந்துவிட்டது. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: துருப்பிடித்த திருகுகளை வினிகரில் ஊறப்போட்டபோது ஸ்டார்ட்டர் கவரையும் சேர்த்துப் போட்டிருந்தேன். ஒரு மணி நேரம். கறுத்துச் சொரசொரவென்று இருக்கிறது. அதைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

இரண்டு_ஸ்ட்ரோக்

வேண்டாம். ஒரு மணி நேரத்தில் மேல் தோல்தான் போயிருக்கும். திருகு உட்காரும் இடங்களில் சுவர் மெலிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெந்நீரில் நாலைந்து தடவை அலசி, முன்னால் சொன்ன காஸ்டிக் கரைசலில் பத்து நிமிடம் போட்டு மிச்ச அமிலத்தை எடுத்து, மறுபடி அலசிச் சூடாகக் காயவைத்து, 220 தேய்த்து, அன்றே எபாக்சி. ரீகாயில் ஸ்பிரிங்கை வினிகரில் போட்டிருந்தால் அதை மட்டும் மாற்றிவிடுங்கள். அமிலத்தில் ஊறிய ஸ்பிரிங் நொறுங்கும் தன்மைக்கு வரும். இரும்புத் திருகுகளுக்கு வினிகரோ 5 சதவீத சிட்ரிக் அமிலமோ சரிதான். எடுத்ததும் சோடா உப்புத் தண்ணீரில் அலசி எண்ணெய் தடவுங்கள்.

மரை_மன்னன்

கிளட்ச். கியர் இல்லாத மெஷின்களில் இடது மரை, அதாவது நேராகப் பார்த்து கடிகாரச் சுற்றில் திருப்பினால் கழலும். வழக்கமான பக்கம் திருப்பித் திருப்பி இறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கியர் வைத்த மிகப் பழைய மாடல்களில் சுற்றும் திசை மாறலாம், அங்கே மேனுவலைப் பாருங்கள்.

கிராங்க் சுற்றாமல் பிடிக்க ஸ்பேனரை ஃப்ளைவீல் இறக்கைக்குள் நுழைக்காதீர்கள், இறக்கை போய்விடும். பிளக்கைக் கழற்றி 5–6 மி.மீ நைலான் கயிற்றை உள்ளே விடுங்கள். ஆனால் விடுவதற்கு முன் பிஸ்டன் மேலே ஏறி எக்ஸாஸ்ட் போர்ட்டை மூடியிருக்க வேண்டும். கீழே இருக்கும்போது கயிறு விட்டால் போர்ட்டுக்குள் வளைந்து நுழைந்து, பிஸ்டன் விளிம்பில் நறுக்கென்று கடிபட்டு, ரிங்கையும் கெடுக்கும். கயிற்றின் நுனி வெளியே இருக்கட்டும். அசையாவிட்டால் கிளட்ச் நடுவை ஹாட் ஏர் கன் வைத்துச் சூடாக்கி மறுபடி முயலுங்கள். பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கக் கூடாது. ஃப்ளைவீல் நட் பெரும்பாலும் வழக்கமான மரை. நட்டைக் கழற்றியதும் இரண்டு துளைப் புல்லர் போட்டு இழுங்கள். சுத்தியல் அடி பட்டால் காந்தத்தில் விரிசல் விழலாம். வெளியே வந்ததும் ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சாவித் துண்டைப் பாருங்கள், அரை மி.மீ வெட்டுப்பட்டிருந்தாலும் டைமிங் தள்ளிப்போயிருக்கும்.

சீல்_பேரிங்

எல்லோரும் பெயிண்டையே பேசுகிறீர்கள். உடல் எல்லாம் உரிந்து கிடக்கும் இந்த நேரத்தில் உள்ளே பார்க்காவிட்டால், பளபளவென்று பெயிண்ட் அடித்த பிறகு சீல் மாற்ற மறுபடி பிரிக்க வேண்டிவரும்.

சைலன்சரைக் கழற்றிப் போர்ட் வழியாகப் பிஸ்டனைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு என்றால் எண்ணெய் குறைவு அல்லது காற்று அதிகமாகி எரிந்திருக்கிறது. இன்டேக் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஃபில்டர் வழியாகத் தூசி. காற்று எங்கிருந்து வருகிறது என்று காண அழுத்தச் சோதனை: எக்ஸாஸ்ட்டையும் இன்டேக்கையும் ரப்பர் துண்டு வைத்து அடைத்து, பிளக் துளை வழியாக 0.5 பார் காற்றழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீர் பூசிக் குமிழி வருகிறதா பாருங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆயில் சீலின் உதடு உள்நோக்கி இருப்பதால் அழுத்தம் அதைத் தண்டோடு சேர்த்து அமுக்கும், தேய்ந்த சீல்கூடத் தேறிவிடும். வெற்றிடம் போட்டு இழுத்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும். இரண்டும் செய்யுங்கள்.

பேரிங் மாற்றுவதானால் பெயிண்டுக்கு முன்பே மாற்றுங்கள், ஏனென்றால் வார்ப்பைச் சுட வேண்டும். மக்னீசியம் சூட்டில் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். 35 மி.மீ பேரிங் குழி, சூடு 100 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 0.09 மி.மீ பெரிதாகும். பேரிங்கை ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்திருந்து எடுத்தால் அடிக்காமலேயே 'டொப்' என்று உட்காரும். ஒரே மூச்சில் நேராகப் போட வேண்டும். பாதியில் தயங்கினால் பேரிங் சூடாகி அங்கேயே பிடித்துக்கொள்ளும். பால் பேரிங் வாங்கும்போது சி3 (உள் இடைவெளி சற்று அதிகமான வகை) என்று கேளுங்கள். சாதாரண இடைவெளி உள்ளது சூட்டில் இறுகும்.

பெயிண்டின்போது மறைக்க வேண்டியவை: பேக்கிங் உட்காரும் எல்லா முகமும், பேரிங் குழி, பார் ஒட்டி உட்காரும் முகம், காயில் குமிழ், டேங்க் வாய் மரை. ஃப்ளைவீலுக்கும் சிலிண்டர் இறக்கைகளுக்கும் பெயிண்டே வேண்டாம், கெட்டிப் படலம் சூட்டை வெளியே விடாது. திருகுத் தலை உட்காரும் வளையங்களிலும் பெயிண்ட் இருக்கக் கூடாது. இறுக்கும்போது அது நசுங்கி, நாலு நாளில் திருகு தளர்ந்துவிடும். பழைய திருகுகளையே அந்தத் துளைகளில் போட்டுப் பெயிண்ட் அடித்தால் மரையும் தப்பும், வளையமும் தப்பும். மரை போன துளைக்கு ஹெலிகாயில் (கம்பிச் சுருளால் ஆன புது மரை) போடுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

அரைகுறை_ஸ்பேனர்

கிளட்ச் கயிறு வைத்து வந்துவிட்டது. கடைசியாக, சைலன்சருக்கும் இதே எபாக்சியும் டூ-கேயும் போடலாமா?

கோட்_மேல_கோட்

முதல் டேங்க் முடிவதற்குள் கருகி உதிரும். அதற்குச் சிலிக்கான் அடிப்படையிலான சூடு தாங்கும் பெயிண்ட், 600 டிகிரி என்று போட்டிருப்பது. அடியில் பிரைமர் வேண்டாம், வெறும் இரும்பைத் துரு நீக்கி, தின்னர் போட்டுத் துடைத்து, நேரே இரண்டு மெல்லிய கோட். அது சும்மா காய்ந்தால் இறுகாது, சூட்டில்தான் இறுகும்: 120 டிகிரியில் அரை மணி, ஆறவிட்டு 200ல் அரை மணி, ஆறவிட்டு 300க்குச் சற்று மேலே அரை மணி. சமையல் அவனில் செய்யாதீர்கள், புகை வரும். தனி அவன் இல்லையென்றால் மெஷினில் மாட்டி, ஐடிலில் இரண்டு நிமிடம் ஓட்டி முழுக்க ஆறவிட்டு, அப்புறம் ஐந்து நிமிடம், அப்புறம் மரத்தில் வைத்து. இறுகும்வரை நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீல்_பேரிங்

அந்த முதல் ஓட்டத்துக்கு முன் கார்புரேட்டர் டயாஃப்ரம், பெட்ரோல் ட்யூப், ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டரின் எல் திருகையும் (குறைவேகம்) எச் திருகையும் (அதிவேகம்) மெதுவாக மூடி, ஒரு சுற்றுத் திறந்து தொடங்குங்கள். பெட்ரோல் கலவை: மேனுவலில் 16:1 என்றிருந்தால் அது அந்தக் காலத்து எண்ணெய்க்குச் சொன்னது. இப்போதைய டூ-ஸ்ட்ரோக் எண்ணெயில் லிட்டருக்கு 30 மில்லி ஊற்றினால் சுமார் 33:1 வரும், புது ரிங்குக்கு நான் அதையே வைப்பேன். செயின் பிரேக் இல்லாத மெஷின் என்று சொன்னீர்கள். பாரின் மூக்கு எதிலும் படாதபடி, கட்டையின் நடுவில் மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள்.